மூன்றாவது கோப்பை வரை உட்காருங்கள்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. உங்கள் சபையின் மிஷனெரி ஜெபக் குழுவிலிருந்து ஆறு பேர் 12 நாள் பயணமாகத் தெற்கு எத்தியோப்பியாவுக்குப் போகிறீர்கள். பின்னால் ஒரு குடும்பத்தை அங்கே ஊழியத்துக்கு அனுப்பலாமா என்று முன்கூட்டிப் பார்த்து வருவது நோக்கம். உள்ளூர்ப் பண்பாட்டையும் சபை வாழ்க்கையையும் அனுபவிக்க எந்தெந்த இடங்களுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "திரும்பி வந்து சபையாரிடம் என்ன சொல்வது என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, கேள்வி அங்கேதான் இருக்கிறது. 12 நாளில் கண்ணில் பட்டதை வைத்து ஒரு குடும்பத்தின் பத்து வருடத்தைத் தீர்மானிக்கப் போகிறீர்கள். கண்டதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. கானானை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேருக்கே நாற்பது நாள் கிடைத்தது. அதிலும் பத்துப் பேர் ஊரைக் கலங்கடிக்கும் அறிக்கையோடுதான் திரும்பினார்கள்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மிஷனெரி அல்ல, வேதாகமக் கல்லூரியில் படித்தவனும் அல்ல. தெற்கு எத்தியோப்பியாவில் வோலைட்டா மக்கள் வாழும் பகுதியின் நகரமான வோலைட்டா சோடோவில் ஏழு வருடம் கணிதம் கற்பித்தேன். ஞாயிறுதோறும் அங்கிருந்த காலே ஹேவெத் என்னும் புராட்டஸ்டண்ட் சபை ஒன்றின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஊர் திரும்பிய பிறகு உங்களைப் போன்ற மூன்று குழுக்களோடு துணைக்குப் போய் வந்திருக்கிறேன். நாட்டின் பொதுமொழியான அம்ஹாரிக்கில் சந்தையில் பேரம் பேசவும் கூட்டத்தில் ஜெபிக்கவும் வரும். வோலைட்டா மொழியில் நலம் விசாரிப்பதோடு சரி. வட பகுதியில் வாழ்ந்ததில்லை. ஆகையால் கீழே சொல்வதெல்லாம் தெற்கில், பெஞ்சில் உட்கார்ந்தவன் பார்த்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முன்பே உங்கள் குழுவுக்குள் ஒரு எண்ணத்தை மாற்ற வேண்டும். நற்செய்தி எட்டாத தேசத்துக்குப் போகிறோம் என்ற எண்ணம் அது. வட எத்தியோப்பியாவின் பழைய அரசான அக்சூமின் அரசன் ஏசானா நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவனானான். தீரு பட்டணத்திலிருந்து வந்த ஃப்ரூமென்டியஸை அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ் அந்நாட்டுக்கு ஆயராக அபிஷேகம் செய்து அனுப்பினார். ஏசானாவின் பிற்காலக் காசுகளில் சிலுவை இருக்கிறது. நம் ஊரில் முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரியான சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால் வைத்தது 1706-ல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பிய மந்திரியின் கதையை அங்கே எல்லாரும் தங்கள் முன்னோர் கதையாகவே சொல்வார்கள். அந்த மந்திரியின் அரசிக்கு வேதாகமம் தரும் கந்தாகே என்ற பெயர் இன்றைய சூடானில் இருந்த மெரோவே அரசிகளின் பட்டம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது சரியே. அதை நீங்கள் போய் அங்கே திருத்த வேண்டாம்.

2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 43.5 சதவீதம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், சுமார் 34 சதவீதம் முஸ்லிம்கள், சுமார் 18.5 சதவீதம் புராட்டஸ்டண்டுகள். அன்றைய தென் மாநிலத்தில் மட்டும் பார்த்தால் புராட்டஸ்டண்டுகளே பாதிக்கு மேல். இந்தக் கணக்கு பழையது. ஆனால் எந்தப் பக்கம் யார் அதிகம் என்பதைக் காட்ட இது போதும். நீங்கள் போகும் வோலைட்டாவில் தெருவுக்குத் தெரு சபை இருக்கிறது. அங்குள்ள சபை எப்படி வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறாதீர்கள். 1920-களின் கடைசியில் வெளிநாட்டு மிஷனெரிகள் சிலர் அங்கே வந்தார்கள். 1936 மே மாதம் இத்தாலியப் படை அடிஸ் அபாபாவைப் பிடித்தது. அடுத்த வருடம் மிஷனெரிகள் வோலைட்டாவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் விட்டுப் போனபோது ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் 48 பேர். 1941-ல் இத்தாலியர் தோற்று, மிஷனெரிகள் ஒவ்வொருவராகத் திரும்பியபோது விசுவாசிகள் ஏறக்குறைய பத்தாயிரம் என்று கணக்குச் சொன்னார்கள். 48 என்பது பதிவேட்டு எண், பத்தாயிரம் மதிப்பீடு. மதிப்பீட்டில் பாதியைக் கழித்தாலும், மிஷனெரி இல்லாத நான்கைந்து வருடத்தில்தான் அந்தச் சபை சபையானது என்பது மாறாது. காலே ஹேவெத் என்றால் ஜீவ வசனம். அந்தச் சபை மூப்பரிடம் போய் "உங்களுக்கு மிஷனெரி தேவையா?" என்று கேட்டால் அவர் முகத்தில் வரும் சிரிப்பின் பொருள் இந்தக் கதை தெரிந்தால்தான் விளங்கும்.

இன்னொரு பெரிய சபையான மேகானே இயேசுஸ் லுத்தரன் மரபில் வந்தது. 1959-ல் தேசிய சபையாக அமைந்தது. இன்று அதன் உறுப்பினர்கள் ஒரு கோடிக்கு மேல். அதன் பொதுச் செயலாளராக இருந்த குதினா தும்சாவை 1979 ஜூலையில் தெர்க் என்னும் ராணுவ ஆட்சியினர் கடத்திக் கொன்றார்கள். 1974 முதல் 1991 வரை நடந்த அந்த ஆட்சியில் பூட்டப்பட்ட ஆலயங்கள் பல. வீட்டுக்குள் ஏழெட்டுப் பேராகக் கூடி, தாழ்ந்த குரலில் பாடி, ஒருவர் பின் ஒருவராக வெவ்வேறு நேரத்தில் வெளியேறியவர்கள்தான் இன்றைய மூப்பர்கள். அந்த நாட்களைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேளுங்கள்.

இனி நேரம். அங்கே கடிகாரம் சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி; காலை 9 அவர்களுக்கு 3. நாழிகைக் கணக்குத் தெரிந்த நம் தாத்தாக்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்ன "மூன்றாம் மணி வேளை" இதே கணக்குதான். நான் கூட்டிப் போன முதல் குழுவிடம் மூப்பர், "நாளை மூன்று மணிக்கு ஆராதனை" என்று சொன்னார். மொழிபெயர்த்த நான், பழக்கத்தில் விளக்கம் சேர்க்க மறந்துவிட்டேன். விடியற்காலை இரண்டே முக்காலுக்கு ஐந்து பேர் சட்டை மடிப்புக் கலையாமல், வேதாகமத்தோடு, விடுதி வாசலில் காவலாளியை எழுப்பிக்கொண்டு நின்றார்கள். ஆகவே எந்த நேரம் சொன்னாலும் "ஹபெஷா நேரமா (எத்தியோப்பியர் நேரமா), வெளிநாட்டு நேரமா?" என்று கேட்டுவிடுங்கள். வருடக் கணக்கும் வேறு. பதின்மூன்று மாதம், முப்பது நாள் மாதம் பன்னிரண்டு, ஐந்தோ ஆறோ நாள் கொண்ட குட்டி மாதம் ஒன்று. ஆண்டு நம்முடையதைவிட ஏழோ எட்டோ பின்தங்கியிருக்கும். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 2000 என்று பார்த்தால் அது 2007 செப்டம்பரில் தொடங்கிய வருடம். இது தெரியாமல் பதிவேட்டைப் பார்த்து, "கடந்த ஏழெட்டு வருடமாக ஞானஸ்நானமே நடக்கவில்லை" என்று ஒருவர் அறிக்கையில் எழுதியதை நான் பார்த்துத் திருத்தியிருக்கிறேன்.

பயணத் திட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். மற்றதை நீங்களே முடிவு செய்யுங்கள். சனிக்கிழமைக்குள் ஊர் போய்ச் சேருங்கள். அப்படிச் சேர்ந்தால் இரண்டு ஞாயிறு கிடைக்கும். அந்த இரண்டு ஞாயிறும் ஒரே சபைக்குப் போங்கள். ஏழு சபைகளைப் பார்த்து ஏழு இடத்திலும் மாலை போட்டுக்கொண்டு வருகிற குழு எதையும் பார்க்காமல் வருகிறது. முதல் ஞாயிறு எந்தச் சபையும் விருந்தாளிக்கு முன் நன்றாக உடுத்தி நிற்கும். இரண்டாம் ஞாயிறு, நீங்கள் மறுபடி வருவீர்கள் என்று எதிர்பார்க்காததால், வீட்டு உடையில் இருக்கும். அறிவிப்பு வாசிக்கிறவர் யாரைக் கடிந்துகொள்கிறார், காணிக்கைப் பைக்கு முன் யார் எழுந்து வெளியே போகிறார், பிள்ளைகளை யார் அடக்குகிறார் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

ஆராதனை மூன்று மணி நேரம் போகும். பல சபைகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இது நம்மவர்களுக்குப் புதிதல்ல. பாடகர் குழு அங்கியோடு வரிசையாக நின்று ஒரே அசைவில் அசைந்து பாடும். பாட்டின் உச்சத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பும். அங்கே அதற்கு இலில்தா என்று பெயர். நமக்கு அது குலவை. நாக்கை அசைத்து எழுப்பும் அதே குலவை. நம் கிராமத்துச் சபைகளில் குலவையைக் கூச்சத்தோடு வெளியே நிறுத்திவிட்டோம். அங்கே அது பலிபீடத்துக்கு முன்னால் ஒலிக்கிறது. அதைக் கேட்ட முதல் ஞாயிறு, எங்கள் ஊரில் நாற்று நட்ட அம்மாமார் நினைவு வந்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாட்டின் சுவரங்களைக் கவனியுங்கள். திசீதா என்று அவர்கள் சொல்லும் ஐந்து சுவர முறையின் ஒரு வகை அப்படியே நம் மோகன ராகம். குழுவில் யாருக்காவது சங்கீதம் தெரிந்தால், முதல் ஞாயிறே கூடச் சேர்ந்து பாடத் தொடங்கிவிடலாம். சொல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான் போன சபையில் பணம் இல்லாதவர்கள் மக்காச்சோளம், முட்டை, கோழி என்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்து வளர்ந்த திருநெல்வேலிக்காரனுக்கு அந்த இடத்தில் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ஒரு முட்டை மூன்று பேர் கை மாறி, மூன்று முறை விலை போய், கடைசியில் கொண்டுவந்த பாட்டியின் கைக்கே திரும்பியது.

உங்களை முன்வரிசைக்கு இழுப்பார்கள், பிரசங்கிக்கச் சொல்வார்கள். முதல் ஞாயிறு மறுத்துவிடுங்கள். எழுந்து நின்று, எங்கிருந்து வருகிறீர்கள், எந்தச் சபையின் வாழ்த்துதலைக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று மூன்று நிமிடம் சொல்லி உட்காருவது மரபுக்குப் பொருந்தும். இன்னொன்று: நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் திடீரென்று மூச்சை உள்ளே இழுத்து ஒரு சிறு விக்கல் போல ஒலி எழுப்புவார். பயந்துவிடாதீர்கள். அது "ஆமாம்".

காப்பிக்கு வருவோம். பண்பாட்டை அனுபவிக்க இடம் கேட்டீர்கள் அல்லவா? இடம் இதுதான். தரையில் பசும்புல் பரப்பியிருக்கும். வீட்டுப் பெண் சிறு முக்காலியில் உட்கார்ந்து, பச்சைக் காப்பிக் கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் தட்டைச் சட்டி வைத்து வறுப்பார். கொட்டை கறுத்து எண்ணெய் விடும்போது சட்டியை எடுத்து வந்து ஒவ்வொருவர் முன்னும் காட்டுவார். கையால் அந்தப் புகையை முகத்தின் பக்கம் இழுத்து மோந்து, நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்னும் நீண்ட கழுத்துக் கருப்பு மண்கூஜாவில் கொதிக்கவிட்டு, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் உயரத்திலிருந்து ஒரே தாரையாக ஊற்றுவார். கூடவே சோளப்பொரி, வறுத்த பார்லி. கிராமத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டும் கொடுப்பார்கள்; முகத்தைச் சுளிக்காமல் குடியுங்கள். முதல் கோப்பைக்கு அபோல் என்று பெயர். அதே தூளில் தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்கவைத்தது தோனா. மூன்றாவது பெரகா, அந்தச் சொல்லுக்கே ஆசீர்வாதம் என்றுதான் பொருள். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

நான் துணைக்குப் போன இரண்டாம் குழுவின் தலைவர் அபோல் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரில் கூட்டம் இருந்தது. எழுந்தோம். அந்த வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு வாசல் வரை வந்து வழியனுப்பினார். இரண்டு வருடம் கழித்து நான் தனியாகப் போனபோது அதே வீட்டில் மூன்றாவது கோப்பை வரை இருந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்: எங்களை அழைத்திருந்தவர் அந்தச் சபை பிரிந்துபோனதில் ஒரு பக்கத்துத் தலைவர். நாங்கள் சுற்றிப் பார்த்ததெல்லாம் ஒரு பக்கத்து வீடுகளை. அன்றைக்கே அதைச் சொல்ல நினைத்திருந்ததாகவும், முதல் கோப்பையில் அப்படிப்பட்ட பேச்சைத் தொடங்குவது முறையல்ல என்பதால் காத்திருந்ததாகவும் சொன்னார். இதற்குள் அந்தக் குழுவின் சபை, பிரிந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வருடாவருடம் காணிக்கை அனுப்பத் தொடங்கியிருந்தது.

இதோடு சேர்த்துப் பேச்சுமுறையையும் சொல்ல வேண்டும். எத்தியோப்பியரின் பழைய கவிதை மரபில் "மெழுகும் பொன்னும்" என்று ஒன்று உண்டு. மேலே தெரியும் பொருள் மெழுகு, உள்ளே மறைந்த பொருள் பொன். காளமேகத்தின் சிலேடையை ரசித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அன்றாடப் பேச்சிலும் இந்த வாசனை உண்டு. "இஷி" என்றால் சரி. நாள் முழுதும் காதில் விழும் சொல் அது. உங்கள் முன்மொழிவு எதுவானாலும் முதலில் வருவது இஷிதான். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். காதில் விழுந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அவர்களாக அதே விஷயத்தை எடுத்தால்தான் அதற்கு உயிர் இருக்கிறது.

ஆர்த்தடாக்ஸ் சபையைத் தவிர்த்துவிட்டு வராதீர்கள். உங்களை அழைக்கும் புராட்டஸ்டண்டுகள் அங்கே கூட்டிப்போகத் தயங்கலாம். இரு தரப்புக்கும் பழைய காயங்கள் உண்டு. ஆனால் அந்த ஆலய முற்றத்தைப் பார்க்காமல் இவர்களையும் புரிந்துகொள்ள முடியாது. ஞாயிறு விடியற்காலையே போய்விடுங்கள். வெள்ளைத் துணி போர்த்தியவர்கள் வாசற்படியை முத்தமிட்டுவிட்டு வெளியிலேயே நிற்பார்கள். நம் கண்ணுக்கு அவர்கள் தாமதமாக வந்தவர்கள், ஈடுபாடு இல்லாதவர்கள் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. உள்ளே போகத் தாங்கள் தூய்மையாக இல்லை என்று எண்ணுவதால்தான் பலர் வெளியே நிற்கிறார்கள். உள்ளே செருப்போடு போகக்கூடாது. ஒவ்வோர் ஆலயத்தின் கருவறையிலும் தாபோத் என்னும் பலகை, உடன்படிக்கைப் பலகைகளின் நினைவாக, திரைக்குப் பின்னால் இருக்கும். அதைக் குருமாரைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் இந்தியர் என்றதும் குருவானவர், "கேரளத்து ஆர்த்தடாக்ஸா?" என்று கேட்க வாய்ப்புண்டு. கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் எத்தியோப்பிய சபையும் ஒரே குடும்பம். 1965-ல் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி அடிஸ் அபாபாவில் கூட்டிய மாநாட்டில் அந்தக் குடும்பத்துத் தலைவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். குருவானவரிடம், நாங்கள் அந்தச் சபையார் இல்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். வயதான சிலர், "என் கணக்கு வாத்தியார் இந்தியர்" என்பார்கள். அந்தப் பேரரசர் காலத்தில் வந்த கேரளத்து ஆசிரியர்கள் சேர்த்துவைத்த நல்ல பெயரின் வட்டியில்தான் நானும் ஏழு வருடம் வாழ்ந்தேன்.

சாப்பாட்டில் புதனும் வெள்ளியும் கவனம் தேவை. ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கு அவை உபவாச நாட்கள். இறைச்சி, பால், முட்டை மூன்றும் கிடையாது. ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெரிய உபவாசம். அந்நாட்களில் உணவகத்தில் பருப்பும் கீரையும் காய்கறியுமாக இஞ்செராவின் மேல் அழகாக வரும். நம் குழுவிலுள்ள சைவக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். இஞ்செரா, தெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பெரிய ஆப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் புளிப்பு இரண்டு மடங்கு. ஒரே தட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள். வீட்டுக்காரர் ஒரு பெரிய கவளத்தை உருட்டி உங்கள் வாயில் ஊட்டுவார். அதற்குப் பெயர் குர்ஷா, மறுக்கக்கூடாது. இன்னொன்று, கிறிஸ்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிமும், முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவரும் பொதுவாகச் சாப்பிடுவதில்லை. இரு சாராரும் உள்ள ஊரில் விருந்து வைக்க நினைத்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

பணத்தைப் பற்றி என் பிழையைச் சொல்கிறேன். மூன்றாம் குழுவோடு போனபோது ஒரு கிராமச் சபையில் கடைசி நாள், "உங்களுக்கு என்ன தேவை?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். நான் யோசிக்காமல் மொழிபெயர்த்தேன். கூரைத் தகடு என்றார்கள். "ஜெபித்துக்கொள்கிறோம்" என்று பதில் சொன்னோம். நம் ஊரில் அது தட்டிக்கழிக்கும் சொல் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு அது வாக்கு. அடுத்த இரண்டு வருடம், எத்தனை தகடு, என்ன அளவு, எங்கே மலிவு என்ற விவரத்தோடு எனக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. கூரைக்காக அவர்கள் சேர்த்து வைத்திருந்த பணத்தையும், எப்படியும் இந்தியாவிலிருந்து வருகிறதே என்று, வேறொன்றில் செலவழித்துவிட்டார்கள். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். 1972-லேயே மேகானே இயேசுஸ் சபை உலக லுத்தரன் சம்மேளனத்துக்கு எழுதியது: பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தாராளமாகத் தருகிறீர்கள், நற்செய்திப் பணி என்றால் கையை இழுத்துக்கொள்கிறீர்கள், மனிதனை இப்படி இரண்டாகப் பிரிக்கக்கூடாது என்பது அதன் சாரம். தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்பவர் விரும்பும் வடிவில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனவர்களின் குரல் அது. நமக்கும் அந்தக் குரல் அந்நியமல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பேராயரான அசரியா 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேற்கத்திய மிஷனெரிகளை நேருக்கு நேராகப் பார்த்து, எல்லாம் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். அந்தப் பேச்சைப் பெருமையோடு மேற்கோள் காட்டும் நாம், நூறு வருடம் கழித்து வேறொரு தேசத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

தேவை என்ன என்பதற்குப் பதில் வேறு கேள்விகள் கேளுங்கள். உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் யார்? உங்கள் சபை சுவிசேஷகரின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? நீங்கள் எந்த ஊருக்கு ஊழியரை அனுப்பியிருக்கிறீர்கள்? தெற்கின் மற்ற இனக்குழுக்களுக்கு வோலைட்டாவிலிருந்து போன சுவிசேஷகர்கள் ஏராளம். இதைக் கேட்டதும் பேச்சின் சூடே மாறுவதைப் பார்ப்பீர்கள். கடைசியாக, இந்த ஊரில் ஒருவர் செத்தால் குழி வெட்டுவது யார் என்று கேளுங்கள். விபரீதமான கேள்வி என்று தோன்றும். இத்திர் என்று அங்கே ஒரு அமைப்பு உண்டு. மாதாமாதம் சந்தா கட்டி, சாவு வீட்டுக்குக் கூடாரமும் பெஞ்சும் பாத்திரமும் சாப்பாடும் கொடுக்கும் அக்கம்பக்கத்துச் சங்கம். நம் சீட்டு போலவே இக்குப் என்று ஒன்றும் உண்டு. மதம் மாறிய குடும்பத்தை இத்திர் வைத்துக்கொண்டதா, கல்லறையில் இடம் கிடைத்ததா என்பதில் அந்த ஊர்ச் சபையின் முழு வரலாறும் இருக்கிறது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். 12 நாளில் உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடியவை: ஆராதனை எந்த மொழியில், வீட்டுப் பேச்சு எந்த மொழியில், தலைமை யார் கையில், பெண்களுக்கும் வாலிபருக்கும் அதில் என்ன பங்கு, பணம் உள்ளூரிலிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா, வெளியூர்க் குடும்பத்துக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை எவ்வளவு தூரம். இவற்றை அறிக்கையில் தைரியமாக எழுதுங்கள். தெரிந்ததுபோல் தோன்றி ஏமாற்றுபவை: ஜனங்களின் "பசி", கூட்டத்தின் எண்ணிக்கை, கையுயர்த்தியவர்களின் கணக்கு, "எங்களை இருகரம் நீட்டி வரவேற்றார்கள்" என்பது. அங்கே விருந்தாளி யாராக இருந்தாலும் இருகரம் நீட்டித்தான் வரவேற்பார்கள். நீங்கள் எழுதப்போகும் அறிக்கையில் இந்த இரண்டாம் வகை வாக்கியங்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் சபையாருக்கு வாசித்துப் பாருங்கள். குடும்பத்தை அனுப்பலாமா என்பதற்கு நான் பதில் சொல்லமாட்டேன். அந்தக் குடும்பம் முதல் வருடம் யாருக்கும் எதையும் கற்பிக்காமல், ஒரு எத்தியோப்பிய மூப்பருக்குக் கீழே உட்கார்ந்து மொழி படிக்கச் சம்மதிக்கிறதா என்று மட்டும் அவர்களிடம் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

நடைமுறை விஷயங்கள் சில. சுற்றுலா விசாவில் போய் மேடையேறிக் கூட்டம் நடத்தாதீர்கள். எந்த விசா என்பதை உங்களை அழைக்கும் பதிவுபெற்ற சபையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிக்கல் வந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். பதில் சொல்லப்போவது அவர்கள். வடக்கில் 2020-ல் தொடங்கிய போர் 2022 நவம்பர் ஒப்பந்தத்தோடு ஓய்ந்தாலும், அதன் பிறகு வேறு பகுதிகளில் மோதல்கள் வந்தன. அடிஸ் அபாபாவிலிருந்து சோடோ 300 கிலோமீட்டருக்கு மேல். சாலையில் போவதா, எந்தச் சாலை என்பதை அந்த வாரத்து நிலவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் சொல்லட்டும், நானோ இணையமோ அல்ல. அடிஸ் 2,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், ஸ்வெட்டர் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டுக்கொண்டு சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் எத்தியோப்பியாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. திம்கத் என்னும் ஞானஸ்நானத் திருநாள் ஜனவரி 19. சிலுவைத் திருநாளான மெஸ்கல் செப்டம்பர் 27, அதையொட்டியே வோலைட்டாக்காரர்களின் கிஃபாத்தா புத்தாண்டும் வரும். அந்த வாரத்தில் எல்லாரும் சொந்த ஊரில் இருப்பார்கள்; வீடுகளைப் பார்க்க நல்ல காலம், அலுவலகக் காரியத்துக்கு மோசமான காலம். மாதத்தைச் சொன்னால் எந்த உபவாசத்தில் விழுகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.